கேஷியரின் பேரன்

ஸ்கார்ஃபீல்டில் ஓரின் ஃபோஸமைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் எல்லோரைப் பற்றியும் நல்லதாகத்தான் சொல்வோம். கெட்டதைக் கெட்டது என்று முகத்துக்கு நேரே சொல்ல இங்கே ஒருவருக்கும் வாய் வராது. கேக் கருகியிருந்தால் "வித்தியாசமா இருக்கு" என்போம். பக்கத்து வீட்டுக்காரன் தானியக் கொட்டகைக்கு ஊதா நிறம் அடித்தாலும் அதே "வித்தியாசமா இருக்கு"தான். இந்த ஊரின் ஒரே காபிக் கடை என்னுடையது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த மழுப்பலைக் கேட்டுக்கேட்டு எனக்கு எரிச்சல் ஏறிக்கிடக்கிறது. அதனால் ஓரினின் கதையை நானே சொல்லிவிடுகிறேன்.

ஓரின் எங்கள் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. அவருக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், பழைய பேங்க் நோட்டுகள். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் சின்னச் சின்ன ஊர் பேங்குகள்கூடத் தம் பெயரிலேயே டாலர் நோட்டு வெளியிட்டன. அச்சடித்துக் கொடுப்பது வாஷிங்டன். ஆனால் நோட்டின் நடுவில் ஊர்ப் பெயரும் பேங்க் பெயரும் பெரிதாக இருக்கும். கீழே அந்த பேங்கின் தலைவரும் கேஷியரும் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் அது செல்லும். அந்தக் காலத்துக் கேஷியர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிற ஆள் இல்லை. பேங்கையே நடத்துகிறவர் அவர்தான். தலைவர் சும்மா தொப்பி போட்டுக்கொண்டு வந்து போவார்.

இந்த நோட்டுகளுக்கு விலை சொல்வது ஒரு தனி வித்தை. நோட்டில் போட்டிருக்கும் தொகைக்கும் அதன் விலைக்கும் சம்பந்தமே கிடையாது. சிகாகோ நோட்டு என்றால் குப்பை மாதிரி கிடைக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு சர்ச்சும் ஒரு தானியக் கிடங்கும் மட்டும் உள்ள குக்கிராமத்து நோட்டு ஒன்று அகப்பட்டால் ஆட்கள் விமானம் ஏறி வருவார்கள். எங்கள் பேங்க் முப்பதுகளில் மூடியபோது அதன் நோட்டுகளையெல்லாம் அரசாங்கமே வாங்கி அழித்துவிட்டது. ஸ்கார்ஃபீல்டு நோட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் சேகரிப்பவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். ஓரின் சுற்றுப்பட்ட ஊர்களின் நோட்டுகளையெல்லாம் ஆல்பங்களில் சேர்த்து, ஒவ்வொன்றின் கீழேயும் பழுப்பு மையில் அழகான எழுத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தார். முதல் ஆல்பத்தின் முதல் பக்கம் மட்டும் காலி. அது எங்கள் ஊருக்கு.

எங்காவது யார் பரணிலாவது பழைய நோட்டு கிடைத்தால் ஓரினிடம்தான் வருவார்கள். காசு வாங்காமல் விலை சொல்வார். கூடவே ஒரு பிரசங்கமும் உண்டு: கழுவாதே, இஸ்திரி போடாதே, ஒட்டாதே, ஓரத்தை நறுக்காதே, பேனாவைப் பக்கத்திலேயே கொண்டுவராதே. எப்படிக் கிடைத்ததோ அப்படியே இருந்தால்தான் மதிப்பு. ஒரு தடவை பக்கத்து ஊர்ப் பாதிரியாரின் மனைவி, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று நோட்டைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கொண்டுவந்துவிட்டாள். மனிதர் அன்று முழுக்க எழவு வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

அவருடைய இன்னொரு பேச்சு தாத்தாவைப் பற்றியது. "எங்க தாத்தா டோலெஃப் ஃபோஸம்தான் இந்த ஊர் பேங்க்கோட கேஷியர். அவர் பேர் போட்டாத்தான் இங்க காகிதம் காசாகும்" என்பார். வாரத்துக்கு ஒரு தடவையாவது இது வரும். என் கடை மேஜையில் இருப்பவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பைக்குள் பார்ப்பார்கள். ஏன் எல்லோரும் கோப்பைக்குள் பார்க்கிறார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை ஆர்டிஸ் பாக்கன் கடைக்கு வந்தாள். அவள் கணவர் பால்மருக்கு வசந்தகாலத்தில் பக்கவாதம் வந்து, நாற்பது மைல் தள்ளி டெக்கர் ஃபால்ஸில் ஒரு காப்பகத்தில் கிடந்தார். அவருடைய அறையில் மாட்டலாம் என்று மாமனார் மாமியாரின் கல்யாணப் படத்தை இறக்கியிருக்கிறாள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மாற்றுவதற்காகப் பின்பலகையைக் கழற்றியபோது உள்ளே ஒரு நோட்டு. கல்யாணப் பரிசாக வந்திருக்க வேண்டும். மெழுகுத்தாளில் சுற்றி எடுத்து வந்து ஓரின் முன்னால் வைத்தாள்.

ஓரின் பார்த்தார். எழுந்துபோய்க் கை கழுவித் துடைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

"ஆர்டிஸ், உக்காரு" என்றார். "இது நம்ம ஊரு."

பத்து டாலர் நோட்டு, பழைய பெரிய அளவு. இத்தனை வருடம் வெளிச்சமே படாமல் நேற்று அடித்ததுபோல இருந்தது. நடுவில் ஸ்கார்ஃபீல்டு என்று எங்கள் ஊர்ப் பெயர். எனக்கே உடம்பு சிலிர்த்தது, மறைக்க மாட்டேன். ஓரின் என் கடைப் போனிலிருந்தே மினியாபொலிஸில் ஏலம் விடுகிற லேலண்ட் ப்ரூயிட் என்பவரைக் கூப்பிட்டார். சொன்ன விவரத்தைக் கேட்டு அவர், கையால் பார்த்த பிறகுதான் உறுதி, ஆனால் பன்னிரண்டாயிரம் டாலருக்குக் குறையாது என்றார்.

ஆர்டிஸ் கேட்டது ஒன்றுதான். "அது பால்மரை இங்க கொண்டுவரப் போதுமா?"

சர்ச்சுக்கு எதிரே எங்கள் ஊரிலேயே ஒரு முதியோர் இல்லம் உண்டு. முதல் சில மாதம் சொந்தப் பணம் கட்டினால் போதும், பிறகு அரசாங்க உதவியிலேயே வைத்துக்கொள்வார்கள். ஒரு அறை காலியாகவும் இருந்தது. பனிக்காலம் வந்துவிட்டால் ஆர்டிஸால் டெக்கர் ஃபால்ஸுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஐம்பது வருடம் பக்கத்தில் படுத்திருந்த மனிதரை வசந்தம் வரை பார்க்காமல் இருக்க வேண்டும், அதற்குள் அவர் இருப்பாரோ இல்லையோ.

"தாராளமாப் போதும்" என்றார் ஓரின்.

அப்போதுதான் ஹார்லோ ஜெர்ட் எட்டிப் பார்த்தான். டிராக்டர் விற்பவன், எதிலும் குசும்பு. "தலைவர் கையெழுத்து ஜோரா இருக்கு. டேய் ஓரின், உங்க தாத்தா எங்கடா? காபி சிந்தின கறை மாதிரி ஏதோ ஒண்ணுதான் இருக்கு."

உண்மைதான். தலைவர் போட்ட மை கறுப்பாக அப்படியே நின்றிருந்தது. கேஷியரின் இடத்தில் மட்டமான மை வெளுத்துப்போய் ஒரு மஞ்சள் இழுப்பு மட்டும் இருந்தது. மேஜையில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் வாய்விட்டு நாலு பேர் சிரிப்பதென்றால் அது பெரிய விஷயம். ஓரின் காது சிவந்தது.

"அது மங்கியிருக்கு, அவ்வளவுதான். நல்ல லென்ஸ் வச்சுப் பாத்தா தெரியும்" என்றார்.

"பத்திரிகைக்காரிக்கு நான் சொல்றேன், சனிக்கிழமை போட்டோ எடுக்க வருவா. அவகிட்டயும் லென்ஸைக் குடு" என்றான் ஹார்லோ.

நல்ல உறையில் போட்டு வைக்கிறேன் என்று ஓரின் நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார். ஆர்டிஸ் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தாள். இந்த விஷயத்தில் ஓரினை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அடுத்து நடந்ததை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். சமையலறை மேஜையில் வெயில் விழும் இடத்தில் நோட்டை வைத்து லென்ஸால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "எனக்கு ஒரு எஃப் தெரிஞ்சுது கார்லா. தேடினேன், தெரிஞ்சுது" என்றார். ஆல்பத்துக்குக் குறிப்பு எழுதும் பழுப்பு மை பக்கத்திலேயே இருந்தது. தெரிகிற ஒரு கோட்டை மட்டும் லேசாக எடுத்துக் காட்டலாம் என்று ஆரம்பித்தாராம். ஒரு கோடு அடுத்த கோட்டைக் கேட்டது. மை காய்ந்தபோது டி. ஃபோஸம் என்று முழுசாக நின்றது. நான் எழுதவில்லை, இருந்ததை வெளியே கொண்டுவந்தேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டு உறையில் போட்டு மூடினார். வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பேனாவைத் தொடாதே என்று ஓதிய மனிதர்.

சனிக்கிழமை என் கடையில் வைத்துத்தான் போட்டோ எடுத்தார்கள். ஆர்டிஸ் உறையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இப்ப நல்லாத் தெரியுதே" என்றாள்.

"லைட்டுக்கு நேரா பிடிச்சா அப்படித்தான்" என்றார் ஓரின்.

ஹார்லோ தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். அவன் வாயிலிருந்து என்னென்னவோ வரும் என்று நினைத்தேன். "வித்தியாசமா இருக்கு" என்றான், போய்ப் பகடைக் குவளையை எடுத்துக்கொண்டான். காபிக் காசு யார் கொடுப்பது என்று இங்கே தினமும் பகடை உருட்டித்தான் முடிவு செய்வார்கள். அன்று அந்தச் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. திங்கட்கிழமை அந்த இடத்தில் கறை இருந்ததைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. ஆப்பிள் வைத்துச் சுட்ட பை பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிய துண்டையே மறுபடி வெட்டியது நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் ப்ரூயிட் நேரில் வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய, அமைதியான மனிதர். நோட்டின் முன்னும் பின்னும் பார்த்தார், ஓரங்களைப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு பையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு விளக்கை எடுத்தார்.

"இருட்டா ஏதாவது இடம் இருக்குங்களா?"

"ஸ்டோர் ரூம் இருக்கு. தலையில மாவு கொட்டினா நான் பொறுப்பில்ல" என்றேன்.

மாவு டப்பாக்களுக்கும் சர்க்கரை மூட்டைகளுக்கும் நடுவில் நாங்கள் நாலு பேரும் நெருக்கியடித்து நின்றோம். ப்ரூயிட், ஆர்டிஸ், ஓரின், நான். கதவைச் சாத்தினேன். அவர் விளக்கைப் போட்டதும் ஊதா வெளிச்சத்தில் எல்லோர் முகமும் பிணம்போல் ஆனது. நோட்டின் மேல் விளக்கைப் பிடித்தார். தலைவர் கையெழுத்து கறுப்பாகத் தெரிந்தது. கேஷியர் கையெழுத்தில், மேலே இருந்த பழுப்பு மை பின்வாங்கி, அடியிலிருந்து இன்னொன்று கறுப்பாக எழும்பி வந்தது.

"அம்மா, இதுமேல யாரோ புதுசா எழுதியிருக்காங்க" என்றார் ப்ரூயிட். "அடியில வேற பேர் இருக்கு." குனிந்து எழுத்துக்கூட்டினார். "ஏ. சாண்ட்குவிஸ்ட்."

சாண்ட்குவிஸ்ட். ஒரு ஸ்வீடன்காரன்! நார்வே வம்சத்துக்காரர்கள் மட்டுமே இருந்து, ஸ்வீடன்காரர்களைக் கேலி செய்தே வளர்ந்த இந்த ஊரின் பணத்தில் ஒரு ஸ்வீடன்காரன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வேறு சமயமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். ஆனால் ஓரினின் தாத்தா கேஷியர் இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை. டோலெஃப் ஃபோஸம் பேங்கில் இருந்தது நிஜம்தான். அடுப்புக்குக் கரி போடுவார், தரை கூட்டுவார், ரயிலடியிலிருந்து காசு மூட்டையைத் தூக்கி வருவார். என் அப்பா சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் எல்லோருடைய அப்பாவும் சொல்லியிருக்கிறார்கள். ஓரின் மட்டும்தான் தன் அப்பாவின் பீற்றலைக் கேட்டு வளர்ந்தவர். எந்தெந்த பேங்கில் யார் யார் கேஷியர் என்று வருடாவருடம் அச்சிட்ட பழைய புத்தகங்கள் மாநில நூலகத்தில் உண்டு. சுற்றுவட்டாரத்து ஊர்கள் அத்தனைக்கும் அவர் அதைப் புரட்டியிருக்கிறார். எங்கள் ஊருக்கு மட்டும் புரட்டவில்லை. அது ஏன் என்று எனக்கு அந்த ஸ்டோர் ரூமில்தான் உறைத்தது.

"மேல எழுதியிருக்கிறது ஃபோஸம்" என்றார் ப்ரூயிட். விளக்கை இறக்கினார். "போன்ல பேசின மிஸ்டர் ஃபோஸம்... நீங்கதானே?"

"நான் எழுதினேன்" என்றாள் ஆர்டிஸ்.

ப்ரூயிட் அவள் பக்கம் திரும்பினார்.

"இவரோட தாத்தா கேஷியரா இருந்தார்னு ஊர் பூராச் சொல்லும். கையெழுத்து மங்கிக் கிடக்கே, எழுதிட்டா எடுப்பா இருக்குமேன்னு நான்தான் எழுதினேன். வயசானவ, புத்தி வேலை செய்யல."

"அம்மா, இப்படி நோட்டு மேல எழுதக் கூடாதுன்னு உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

"ஓரின் எல்லார்கிட்டயும் சொல்லுவார். நான்தான் கேக்கல" என்றாள். சொல்லிவிட்டு ஓரினின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசாமல் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். மனசுக்குள் அவளைக் கும்பிட்டேன்கூட. ஓரின் சர்க்கரை மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டையில் படிக்க என்ன இருக்கிறது? அவர் வாயே திறக்கவில்லை.

ப்ரூயிட் பெருமூச்சு விட்டார். இப்போதைய நிலையில் இரண்டாயிரம், மிஞ்சினால் கொஞ்சம் மேலே என்றார். எழுத்தை அழிக்கப் பார்த்தால் அதுவும் போய்விடும் என்றார். அந்தப் பணம் முதியோர் இல்லத்து முதல் மாதத்துக்கே போதாது. ஆர்டிஸ் நன்றி சொல்லி அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். காலியாக இருந்த அறை அந்த வாரக் கடைசியில் வேறு ஒருவருக்குப் போனது.

ஸ்டோர் ரூமில் நடந்தது எப்படி வெளியே போனது என்று கேட்காதீர்கள், நான் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரியும். பாவம் ஆர்டிஸ், தெரியாமல் கிறுக்கிவிட்டாளாம் என்று பேச்சு. அவளா எழுதினாள் என்று ஊர் நம்பியதா? ஒருத்தரும் நம்பவில்லை. ஆனால் அவள் சொன்னதை மறுத்துப் பேசினால் மரியாதை ஆகாதே.

பனி விழத் தொடங்கியதும் ஓரின் வியாழக்கிழமைதோறும் ஆர்டிஸைத் தன் வண்டியில் டெக்கர் ஃபால்ஸுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். சங்கடம் பிடித்தது அதற்கப்புறம்தான். சர்ச்சில் காபி வேளையில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, உங்களைப்போல மனிதர் உண்டா என்றார்கள். அவர் வீட்டு வாசலில் லெஃப்சா பொட்டலங்கள் குவிந்தன. லெஃப்சா என்கிற எங்கள் உருளைக்கிழங்கு ரொட்டிக்கு அவர் உயிரையே விடுவார், ஆனால் எல்லாவற்றையும் வாயில் வைக்காமலே பறவைகளுக்குப் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். கடைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் பகடையைத் தொடுவதில்லை. முகம் ஒடுங்கிப்போய், சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது.

"என்ன உடம்புக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாரும் நன்றி சொல்றாங்க கார்லா" என்றார். "நான் வண்டியை நிறுத்தினா ஓடி வந்து நன்றி சொல்றாங்க. அவளும் சொல்றா. ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது சொல்றா."

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். ஊர் மழுப்புகிறது என்று இத்தனை நேரம் அலுத்துக்கொண்டேனே, நானும் அதே குட்டையில் ஊறினவள்தான். "பை சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன்.

டிசம்பரில் பால்மருக்குப் பிறந்தநாள் வந்தது. எலுமிச்சைப் பை ஒன்று செய்துகொண்டு நானும் அவர்களோடு போனேன். வழியெல்லாம் ஓரின் சோள விலையைப் பற்றிப் பேசினார். ஆர்டிஸ் "ஆமா", "அப்படியா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

பக்கவாதம் பால்மரின் வலக்கையோடு சேர்த்து இன்னொன்றையும் பிடுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மரியாதை அவரிடம் சுத்தமாகப் போய்விட்டது. முன்பெல்லாம் ஈக்குக்கூட வழிவிடும் மனிதர். இப்போது மனசில் வருவது அப்படியே வாயில் வந்தது. பார்க்க வந்த பாதிரியாரிடம், முப்பது வருஷமா உங்க பிரசங்கத்துல தூங்கித்தான் முதுகு வலியே போச்சு என்றாராம். என்னைப் பார்த்ததும், "பை நல்லா இருக்கும். உன் காபிதான் கழுநீர்" என்றார். நான் சிரித்துவிட்டேன். பல வருடமாக எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான பேச்சு அது.

ஆர்டிஸ் தட்டும் கத்தியும் வாங்கிவரப் போனாள். படுக்கைக்கு எதிர்ச் சுவரில் பத்திரிகையில் வந்த நோட்டுப் படத்தை ஒட்டியிருந்தார்கள். பால்மர் இடக்கையால் அதைக் காட்டினார்.

"டேய் ஓரின். டோலெஃப் எங்க அப்பாவோட கூட்டாளி. பேங்க் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்ட ஆளு. தங்கமான மனுஷன். அவர் பேர் எப்படிடா நோட்டுல வந்துச்சு?"

ஓரின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இவ தான்தான் எழுதினேங்கறா. இவ எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐம்பது வருஷமா இவ எழுதின கடைச் சீட்டைப் படிக்க முடியாம தப்புச் சாமான் வாங்கிட்டு வந்து திட்டு வாங்கியிருக்கேன். இதைப் பாரு, எவ்வளவு அழகா இருக்கு. நீதானடா?"

"நான்தான்" என்றார் ஓரின்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றே? அதோ நிக்கறா. அவகிட்ட சொல்லு."

ஆர்டிஸ் தட்டுகளோடு வாசலில் நின்றிருந்தாள். ஓரின் திரும்பினார்.

"ஆர்டிஸ், நான்தான் எழுதினேன். எங்க தாத்தா கேஷியர் இல்ல. எனக்கே ரொம்ப வருஷமா உள்ளுக்குள்ள சந்தேகம்தான். சந்தேகம் இருந்ததாலதான் எழுதினேன்."

"தெரியும்" என்றாள் அவள். தட்டுகளை மேஜைமேல் வைத்தாள்.

"தெரிஞ்சுமா எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டே?"

"உனக்காகன்னு யாரு சொன்னா?" ஆர்டிஸ் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். "நான்தான்னு சொன்னா, ஐயோ அவ இல்ல, நான்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன். ஒரு பொம்பள உன் தப்பைத் தூக்கிச் சுமக்கறதைப் பாத்துட்டு நீ சும்மா நிக்க மாட்டேன்னு நெனச்சேன். அந்த இருட்டுல உன் மூஞ்சியையே பாத்துட்டு நின்னேன் ஓரின். நீ சர்க்கரை மூட்டையைப் பாத்துட்டு நின்னே."

ஓரின் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என் ஆல்பம் அத்தனையும் வித்துடறேன்" என்றார் ஓரின். "நாளைக்கே ப்ரூயிட்டைக் கூப்பிடறேன். அடுத்த அறை காலியாகும்போது பால்மர் நம்ம ஊருக்கு வந்துடலாம்."

"விப்பே. எனக்குத் தெரியும், நீ செய்வே. ஊரு இன்னும் நாலு பொட்டலம் லெஃப்சா கொண்டாந்து குடுக்கும். ஓரினைப் போல உண்டான்னு கேக்கும். புத்தி கெட்ட கிழவின்னு என்னைப் பாத்து உச்சுக் கொட்டும். நான் அதையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

பையை வெட்டினோம். பால்மர் மட்டும் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

திரும்பும்போது ஆர்டிஸ் முன்கதவைத் திறக்கவில்லை. பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாற்பது மைலும் ஓரின் வாடகை வண்டிக்காரன் மாதிரி தனியாக முன்னால் உட்கார்ந்து ஓட்டினார். சோளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆல்பங்களை அவர் விற்றதும், பனி உருகுவதற்குள் பால்மர் சர்ச்சுக்கு எதிரே வந்துசேர்ந்ததும் பிறகு நடந்தது. பணத்தால் முடிவது அவ்வளவுதான்.

ஊருக்குள் நுழைந்ததும் அவர் ஆர்டிஸின் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே என் கடை முன்னால் நிறுத்தினார். உள்ளே ஹார்லோவும் மற்றவர்களும் வழக்கமான மேஜையில் இருந்தார்கள். ஓரின் தொப்பியைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். ஆர்டிஸ் என் பின்னால் கதவருகில் நின்றாள்.

"நோட்டுல எழுதினது ஆர்டிஸ் இல்ல. நான். அவ பணத்தைப் பாழாக்கினது நான். அவ எனக்காகப் பொய் சொன்னப்ப கல்லு மாதிரி நின்னேன். எங்க தாத்தா கேஷியரும் இல்ல. கரி போட்டவர்."

எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ஹார்லோ பகடைக் குவளையை இப்படி நகர்த்தினான், அப்படி நகர்த்தினான்.

"வெளிய ரோடு எப்படி?" என்று கேட்டான். "வழுக்குதா?"

ஓரின் நின்றுகொண்டே இருந்தார். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தார், பாவம். யாராவது எழுந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார். ஒருத்தன் எனக்குக் கோப்பையைக் காட்டி இன்னும் கொஞ்சம் காபி கேட்டான். எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. மேஜையில் ஒரு தலையும் நிமிரவில்லை. ஓரின் மட்டும் என் பக்கம் திரும்பி, "இருக்கு" என்றார்.